இளவரசி மோனோனோகே: பத்து வயதுப் பையனோடும் அப்பத்தாவோடும் பார்க்கலாமா?

வளவுக்காரன் (கானாடுகாத்தான்):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பத்து வயதாகிறது. டோட்டோரோ படத்தை நான்கைந்து முறை பார்த்துவிட்ட தைரியத்தில், அதை எடுத்த ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’யையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். காலாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊர் வீட்டுக்கு வரும்போது, வளவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் புரொஜெக்டரில் போடலாம் என்பது என் எண்ணம். அப்படிப் போட்டால் என் ஆத்தாவும், அதாவது அவனுடைய அப்பத்தாவும், கட்டாயம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எழுபத்து நான்கு வயதான அவர்களுக்கு வசனத்தை நான்தான் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும்.

படத்தில் வெட்டும் குத்தும் எந்த அளவுக்கு இருக்கின்றன? நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதை முதலிலேயே சொல்லி அப்பத்தாவை உட்கார வைக்க முடியுமா? நான் படித்த கதைச்சுருக்கங்கள் எல்லாம் காட்டைக் காக்கும் பெண்ணுக்கும் அழிக்கும் பெண்ணுக்கும் சண்டை என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

படச்சுருள் (காரைக்குடி):

டோட்டோரோவை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது 1988இல் வந்த குழந்தைகள் படம். இது 1997இல் வந்தது, அமெரிக்காவிலேயே பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கையுடன் சான்றளிக்கப்பட்டது. நாயகன் அஷிதாக்கா எய்யும் அம்பு ஒரு சாமுராயின் கைகளைத் துண்டித்துவிடுகிறது. இன்னொருவனின் தலையே பறந்துவிடுகிறது. ஆனால் இவை கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். பிள்ளைகளை உண்மையில் பயமுறுத்துவது, படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, உடல் முழுவதும் கரிய புழுக்கள் நெளியக் காட்டிலிருந்து பாய்ந்து வரும் பெரும் பன்றிதான். அதைப் பையன் தாங்கிக்கொண்டால் மீதியையும் தாங்கிக்கொள்வான்.

படம் 133 நிமிடங்கள் ஓடும். குண்டடிபட்ட அஷிதாக்கா, காட்டைக் காக்கும் அந்தப் பெண்ணைத் தோளில் சுமந்தபடி, இரும்பு உருக்குவோர் வாழும் இரும்பூரின் வாயிற்கதவைத் தள்ளித் திறந்து வெளியேறும் காட்சி ஏறத்தாழப் பாதியில் வருகிறது. இடைவேளை விடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மேலும், மோனோனோகே என்பது அவளுடைய பெயரன்று. அவள் பெயர் சான். அந்தச் சொல் மனிதரைப் பிடித்து ஆட்டும் ஆவியைக் குறிக்கும். ஓநாய்களோடு வளர்ந்த அவளை ஊரார் அஞ்சி அழைக்கும் பெயர் அது.

கரிமூட்டம் (தேவகோட்டை):

அண்ணே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, முடியாது என்பதுதான். கெட்டவர் என்று ஒருவரைக் காட்டி உட்கார வைத்தால் பாதிப் படத்தில் அப்பத்தா உங்களைக் கோபித்துக்கொள்வார்கள்.

கதை ஜப்பானின் முரோமாச்சி காலத்தில், அதாவது 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், நடக்கிறது. ஜப்பானியர் ‘தத்தாரா’ என்று அழைத்த மண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி, இரவு பகலாகத் துருத்தி மிதித்து இரும்பு எடுத்தார்கள். ஒரு முறை உலையைப் பற்றவைத்தால் டன் கணக்கில் கரி வேண்டும். கரி வேண்டுமென்றால் மலைக்காடு வேண்டும். எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், எத்தனை வண்டி விறகு எத்தனை மூட்டைக் கரியாகச் சுருங்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரும்பூரைச் சுற்றிய மொட்டைமலையைத் திரையில் பார்த்தபோது அது எனக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை.

அந்த மலையை மொட்டையாக்கிய எபோஷி என்ற தலைவிதான், விலைமாதர் வீடுகளில் விற்கப்பட்டிருந்த பெண்களை மீட்டுக்கொண்டுவந்து உலையில் வேலை கொடுத்தவள். நான்கு பகலும் ஐந்து இரவும் தொடர்ந்து துருத்தி மிதிக்க வேண்டியிருந்தாலும், இங்கே வயிறு நிறைகிறது, ஆண்கள் எங்களிடம் வாலாட்டுவதில்லை என்று அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். யாரும் தொடாத தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவியவளும் அவளே. அவர்கள்தான் அவளுக்குத் துப்பாக்கி செய்து தருகிறார்கள். மியாசாகி தம் வீட்டுக்கு அருகிலிருந்த தொழுநோயாளர் இல்லத்துக்குச் சென்று வந்த பிறகே இந்தப் பகுதியை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட இரும்புக்குண்டுதான் பன்றியின் உடலில் தங்கி, அதைச் சாபம் பிடித்த பிசாசாக மாற்றி, எங்கோ தொலைவில் எந்தப் பாவமும் அறியாத அஷிதாக்காவின் கையில் சாபமாக ஏறுகிறது. இதில் யாரைக் கெட்டவர் என்பது?

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, ஒரே ஓர் எச்சரிக்கை. காட்டுத்தெய்வம் என்றதும் அப்பத்தாவிடம் ஐயனார் மாதிரி என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஐயனார் இரவில் குதிரையேறி ஊரெல்லையைக் காப்பவர். நாம் புரவி எடுக்கிறோம், அவர் மழை தருகிறார் என்று இரு தரப்புக்கும் ஒரு பேச்சுவார்த்தை இருக்கிறது. படத்தில் வரும் காட்டுத்தெய்வமான ஷிஷிகாமியோ ஒரு சொல்லும் பேசுவதில்லை, யாருக்காகவும் போரிடுவதில்லை. அது கால் வைக்கும் இடத்தில் செடிகள் முளைத்துப் பூத்து, கால் எடுத்ததும் வாடிவிடுகின்றன. உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் அதற்கு ஒன்றே. காவல் தெய்வம் என்று நினைத்துப் பார்ப்பவர், கடைசிவரை அது காக்கும் என்று காத்திருந்து ஏமாந்து போவார்.

கரிமூட்டம் (தேவகோட்டை):

ஆச்சி சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் சானை வளர்த்த ஓநாய்த்தாய் மோரோவைக் காவல் தெய்வம் என்று சொல்வதில் பிழையில்லை என்பது என் கருத்து. அவளுக்குக் குரல் கொடுத்தவர் அகிஹிரோ மிவா என்ற ஆண் கலைஞர். அந்தக் கனத்த குரலைக் கேட்பதற்காகவாவது ஜப்பானிய மொழியிலேயே போடுங்கள்.

வளவுக்காரன் (கானாடுகாத்தான்):

நேற்றிரவு பார்த்து முடித்தோம். பன்றி வந்தபோது மகன் கண்ணை மூடிக்கொண்டான். கை பறந்த காட்சியில் மூடவில்லை.

அஷிதாக்கா வீழ்த்திய பன்றியின் முன் ஊர்க் கிழவி தலைவணங்கி, நீ விழுந்த இடத்தில் மேடு எழுப்பி உன்னை வழிபடுவோம் என்று சொல்லும் இடத்தை நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள், “அடித்தவர்களே கும்பிட வேண்டும், அதுதான் முறை” என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நான் ஆச்சியின் எச்சரிக்கையை மதித்து எந்தச் சாமியின் பெயரையும் எடுக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. எபோஷியை மட்டும் கடைசிவரை “இரும்புக்காரி” என்றே அழைத்தார்கள். ஓநாயின் தலை அவள் கையைக் கடித்து எடுத்தபோது, “கையோடு விட்டதே” என்று பெருமூச்சு விட்டார்கள். அது நிம்மதியா, குறையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முடிவில் சான் காட்டிலும் அஷிதாக்கா இரும்பூரிலும் இருப்பதென்று பிரிந்தபோது மகனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பத்தாதான் அவனைத் தேற்றினார்கள்: “என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனால் மூன்று வருடம் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதிப்பார்களாம். இவன் பக்கத்துக் காட்டுக்குத்தானே போய்வரப் போகிறான், அதுவும் மான்மேல் ஏறி.”