இமோ, இன்னும் கொஞ்சம்: கொரியாவின் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் நமக்கு நடந்தவை

நான்கு பேர் சொன்னவை இவை. ஒவ்வொருவர் பேச்சுக்கும் மேலே அவரவர் ஊர்.

தேஜோன், 2017 முதல் 2019 வரை

ஆய்வு வேலைக்காகப் போய் இறங்கிய முதல் வாரம். நவம்பர் கடைசி, காது மடல் விறைத்துப்போகும் குளிர். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறே ஆறு மேசை போட்ட கடை. சோறு, கொதிக்கும் குழம்பு ஒன்று, சின்னச் சின்னத் தட்டுகளில் ஐந்தாறு தொட்டுக்கை. இதை அங்கே பேக்பான் என்பார்கள். நம்ம ஊர் மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரண்டியும் குச்சியும் மேசைக்கு அடியில் இழுப்பறையில் இருக்கும்.

நான் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவேன். கொரிய எழுத்தை இரண்டு நாளில் கற்றுக்கொண்டிருந்ததால் சுவரில் இருந்த பட்டியலைக் கூட்டிப் படித்து, சுந்துபு ஜிகே கேட்டேன். பஞ்சு போன்ற டோஃபு, அதாவது சோயாப் பன்னீர், போட்ட காரக் குழம்பு. கூடவே மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தையும் சொன்னேன்: “கோகி வேண்டாம்.” கோகி என்றால் இறைச்சி.

மண்சட்டியில் தளதளவென்று கொதித்தபடியே வந்தது. பச்சை முட்டையை உடைத்து ஊற்றினார் கடைக்கார அம்மா. கரண்டியை விட்டுக் கிளறினால் அடியில் சிப்பி! அவர் என்னை ஏமாற்றவில்லை. கோகி என்றதும் அவர்கள் மனதில் வருவது மாடு, பன்றி, கோழி. சிப்பியும் நெத்திலியும் அந்தக் கணக்கில் சேராது. குழம்பின் தண்ணீரே காய்ந்த நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்று வெறும் சோற்றை உண்டு எழுந்தேன். அவர் சோற்றுக்கு மட்டும் ஆயிரம் வோன் வாங்கிக்கொண்டு, மீதியை என் கையிலேயே திணித்தார்.

மறுநாள் ஆய்வகத் தோழர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். இறைச்சி, மீன், சிப்பி, இறால், நெத்திலிச் சாறு, மீன் சாறு எதுவும் கூடாது, முட்டை சரி. அந்த அம்மா நின்றுகொண்டே அதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து அவர் கேட்ட கேள்வியை மறக்கவே முடியாது: “நீங்கள் சுனிமா?” புத்த பிக்கு என்று அர்த்தம். இல்லை என்றேன். அடுத்த கேள்வி, “பூண்டு சாப்பிடுவீர்களா?” அங்கே கோயில் சமையலில் இறைச்சி, மீனோடு வெங்காயம், பூண்டு வகைகளும் கிடையாது. நான் சாப்பிடுவேன் என்றதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பூண்டும் இல்லாமல் எனக்கு என்ன சமைத்துப் போடுவது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

அன்றைக்கு உலர்ந்த கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டுச் சாறு இறக்கி, தேன்ஜாங் ஜிகே வைத்துக் கொடுத்தார். புளித்த சோயா விழுதில் உருளைக்கிழங்கு, சுரைக்காய் மாதிரி ஒரு காய், டோஃபு. வாசனை முதலில் தூக்கிப்போடும். மூன்றாவது வாயில் அதுவே இழுக்கும். அப்புறம் இரண்டு வருடம் வாரத்துக்கு நான்கு நாள் அதுதான் எனக்கு மதியச் சாப்பாடு.

அவரை எல்லோரும் ‘இமோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் உடன்பிறந்தவள் என்று பொருள். நமக்குச் சித்தி, பெரியம்மா. அம்மாவை ஒம்மா, அப்பாவை அப்பா என்று சொல்லும் ஊரில் எனக்கு அந்த வார்த்தை வாயில் வர நாளாகவில்லை. தொட்டுக்கை தீர்ந்தால், “இமோ, இன்னும் கொஞ்சம்” என்றால் போதும், நிரப்பி வைப்பார்கள். அதற்குக் காசு கிடையாது.

கிம்ஹே

நான் மட்டக்களப்பு. கொரிய மொழிப் பரீட்சை எழுதி, பூசானுக்குப் பக்கத்தில் கிம்ஹேயில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். இரவு வேலை முடிந்து விடிய ஆறு மணிக்கு வெளியே வந்தால் சரியான பசி. நாங்கள் இரண்டு தமிழ்ப் பொடியன்கள், மூன்று சிங்களப் பொடியன்கள். நேரே ஒரு குக்பாப் கடைக்குத்தான் போவோம். பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த வெள்ளைச் சாறு, அதற்குள் சோறு. அதுதான் த்வேஜி குக்பாப்.

வாசலிலேயே பெரிய அண்டா இருக்கும். அந்த அம்மா கிண்ணத்தில் ஆறிய சோற்றைப் போட்டு, கொதிக்கிற சாற்றை அகப்பையால் ஊற்றுவார், வடிப்பார், திரும்ப ஊற்றுவார். நாலைந்து தரம். தொர்யோம் என்று பெயர். அப்படிச் செய்தால் சோறு நடுவரைக்கும் சூடாகும், ஆனால் வாய் சுடாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தால், இரவு முழுக்க இரும்பைத் தூக்கின விரல் எல்லாம் இளகும். மேலே வெங்காயத்தாள் போல ஒரு கீரை, உப்புக்கு ஊறவைத்த குட்டி இறால். ஒருவரும் பேச மாட்டோம், பாதிக் கிண்ணம் முடியும்வரை.

கொரியப் போர் நேரம் பூசானுக்கு அகதிகளாக ஓடி வந்த சனங்களால்தான் இந்தச் சாப்பாடு இங்கே பரவியது என்று ஒருநாள் அந்த அம்மா சொன்னார். முகாம் சாப்பாட்டில் வளர்ந்தவன் நான். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை.

சுவோன்

சோற்றுக் கிண்ணம் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே மாதிரி, மூடி போட்ட குட்டி எவர்சில்வர் கிண்ணமாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். விசாரித்தால், அரிசிச் செலவைக் குறைக்க 1976-இல் சோல் நகர நிர்வாகம் 10.5 செ.மீ. விட்டம், 6 செ.மீ. உயரம் என்று அளவே போட்டுவிட்டதாம். நம்மைப் போல் சோறு சாப்பிடுகிறவர்கள் கூச்சப்படாமல் இரண்டாவது கிண்ணம் கேளுங்கள். நான் படித்த நாலு வருடமும் கேட்டேன். ஒருவரும் ஒரு மாதிரிப் பார்த்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூர்

நான் கொரியாவுக்குப் போனதில்லை. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, பின்னாலேயே உதிரிபாக நிறுவனங்கள், அவர்களுக்காகக் கொரியச் சாப்பாட்டுக் கடைகள். எங்கள் மேலாளர் ஒருமுறை அப்படி ஒரு கடைக்கு அழைத்துப்போனார். கல்சட்டியில் சோறு வந்தது. அதை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த காந்தலில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தார். சாப்பிட்டு முடித்து மூடியைத் திறந்தபோது எழுந்த மணம் எங்கள் பாட்டியின் வெண்கலப் பானை மணம்! அவரும் அவருடைய பாட்டியைப் பற்றித்தான் பேசினார். இப்போது மின்சாரக் குக்கரில் காந்தல் பிடிப்பதில்லை என்பதால் அங்கே அதைக் காயவைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறார்களாம்.

தேஜோன்காரரே, ஒரு சந்தேகம். கொரியர்களின் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாறும் இறாலும் சேரும் என்கிறார்களே. அப்படியென்றால் இரண்டு வருடமும் கிம்ச்சி இல்லாமலா சாப்பிட்டீர்கள்?

தேஜோன், மறுபடியும்

முதல் வருடம் தொடவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் இமோ கடையில் கிம்ஜாங் முடிந்திருந்தது. குளிர்காலம் முழுமைக்கும் சேர்த்து மொத்தமாகக் கிம்ச்சி போடும் வேலை அது. வீட்டோடும் அக்கம்பக்கத்தோடும் உட்கார்ந்து செய்வார்கள். யுனெஸ்கோ 2013-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. போட்டு முடித்த கிம்ச்சியிலிருந்து மீனைப் பிரித்தெடுக்க முடியாதே. தினமும் அந்தத் தட்டை மட்டும் என் மேசையில் வைக்காமல் போவார். அது அவருக்கே பிடிக்கவில்லை என்பது தெரியும்.

2018 நவம்பரில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கும்போது, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தார். மூடியில் மார்க்கரால் ‘சுனிம்’ என்று எழுதியிருந்தது. என் பெயர் அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. மீன் சாறுக்குப் பதில் கடற்பாசிச் சாறும் உப்பும், இனிப்புக்குக் கொஞ்சம் பேரிக்காயும் சேர்த்து எனக்கென்று தனியாக ஐந்து முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார். நூற்றுக்கணக்கில் போடுகிற நாளில், முதலில் கையையும் பாத்திரத்தையும் கழுவி இதை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டாராம்.

ஜனவரியில்தான் நன்றாகப் புளித்தது. மார்ச்சில் தீர்ந்தது. காலி டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. எலுமிச்சை வாங்கி ஊறுகாய் போட்டு, அதில் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இமோ ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மீன் சாறே ஊற்றாமல் இப்படி வருமா என்று கேட்டார்.