உணர்வுசார் நுண்ணறிவுக்கு ஆன்மிக நலம் தேவையா?

நெடுவழி:
உணர்வுசார் நுண்ணறிவு இருந்தாலே ஒருவர் தம்மைத் தாமே வழிநடத்தும் தலைமையைப் பெற்றுவிடுவார் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் இக்கருத்தை வரையறுத்தபோது, தம் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் கவனித்து, வேறுபடுத்தி, சிந்தனைக்கும் செயலுக்கும் பயன்படுத்தும் திறனையே குறித்தார்கள். திறன் எந்தப் பக்கமும் திரும்பும். எதிரில் இருப்பவரின் அச்சத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவரைத் தேற்றலாம். அதே அச்சத்தைத் தூண்டிப் பணிய வைக்கவும் செய்யலாம். எதற்காக என்ற கேள்விக்கு விடை தருவது ஆன்மிக நலமே. மதத்தைச் சொல்லவில்லை, தன்னைவிடப் பெரிதான ஒன்றோடு தன் வாழ்க்கை பிணைந்திருக்கிறது என்ற உணர்வைச் சொல்கிறேன்.

கல்விளக்கு:
நண்பரே, நோக்கம் வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. அதற்கு அறம் போதும் என்பது என் கருத்து. ஆன்மிக நலம் என்று நாம் மெச்சுவது பல வேளைகளில் உணர்விலிருந்து தப்பிக்கும் வழியாகவே இருக்கிறது. ஆறாத காயங்களை எதிர்கொள்ளாமல் ஆன்மிகக் கருத்துகளையும் பயிற்சிகளையும் கொண்டு அவற்றைச் சுற்றிச் சென்றுவிடும் போக்குக்கு உளவியலாளர் ஜான் வெல்வுட் 1984இல் ஒரு பெயரே சூட்டினார். தமிழில் அதை 'ஆன்மிகப் புறவழி' எனலாம். நான் பணியாற்றிய குழுவொன்றின் தலைவர் நாள்தோறும் தியானம் செய்பவர். நாங்கள் குறையைச் சொன்னால், 'பற்றை விடுங்கள்' என்பார். அவர் முகத்தில் அமைதி இருந்தது. எங்களுக்கோ பேச இடமில்லாமல் போயிற்று. அதை எப்படி நலம் என்பது?

நெடுவழி:
அதை நானும் நலம் என்று சொல்லமாட்டேன். உணர்வை வெளிக்காட்டாமல் அமுக்குவது வேறு, நிகழ்வின் பொருளையே மறுபார்வை செய்வது வேறு என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டுகின்றன: அமுக்குபவருக்கு உள்ளே உணர்வு குறைவதில்லை, உடலின் பதற்றமோ கூடுகிறது, மறுபார்வை செய்பவருக்கு உணர்வே தணிகிறது. ஆனால், 'இந்த அவமதிப்பு என் மதிப்பின் அளவுகோல் அன்று' என்று ஒருவர் உண்மையாகவே எண்ண வேண்டுமானால், அவருடைய மதிப்பு வேறெங்கோ வேரூன்றியிருக்க வேண்டும். அந்த வேரைத்தான் ஆன்மிக நலம் என்கிறேன்.

ஆழ்துறை:
மறுபார்வை எங்கும் நன்றன்று. நியாயமான சினத்தை வேறுவிதமாக எண்ணித் தணித்துக்கொண்டால், அநீதி அப்படியே நிற்கும்.

கல்விளக்கு:
என் அச்சமும் அதுவே. வேர் என்ற சொல்லை ஏற்கிறேன், ஆன்மிக நலமே முதலில் என்ற வரிசையை மறுக்கிறேன். தன் அமைதி பிறரை ஊமையாக்குகிறதா என்பதைத் தியானம் தானாகக் காட்டிவிடுவதில்லை. எதிரில் இருப்பவரின் முகத்தைப் படித்தே அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே, அந்த வேர் நல்ல வேர்தானா என்று சோதிப்பதற்கே உணர்வுசார் நுண்ணறிவு முதலில் வேண்டும்.

நெடுவழி:
வரிசையை விட்டுவிடுகிறேன், உங்கள் குழுத் தலைவரைப் பற்றிச் சொன்னது என்னை அசைத்துவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் முகங்களில் தெரிந்த வருத்தத்திற்குத் தாமே காரணம் என்று அவர் படித்தறிந்திருந்தாலும், அதை உங்கள் முன் ஒப்புக்கொள்ளும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?