புதுப்பிப்பு: எண்ணூர் கடலடி அளவெடுப்பில் ஓரங்கள் வளைந்த சிக்கல்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே, ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பி ஆழம் அளக்கும் மல்டிபீம் சோனாரைப் படகில் ஓட்டினால், ஒவ்வொரு ஓட்டத்திலும் அளக்கும் பட்டைகளின் ஓரங்கள் வளைந்து, பக்கத்துப் பட்டையோடு பொருந்தவில்லை என்று கேட்டிருந்தேன்.

ரோல் கோணத்தை (பக்கவாட்டுச் சாய்வுக்கான திருத்தம்) மறுபடி சரிபார்த்தேன், பிழையில்லை. பலித்தது, நீரில் ஒலி போகும் வேகத்தைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். காலையில் ஒரு தடவை ஒலிவேகம் அளக்கும் கருவியை நீரில் இறக்கி, அந்த அளவையே நாள் முழுக்க வைத்திருந்தோம். ஓதம் இறங்கும்போது கொசஸ்தலை ஆற்று நீர் மேலாகப் பரவுகிறது. உப்பு குறைந்த நீரில் ஒலி மெதுவாகத்தான் போகும்; அதனால்தான் சாய்ந்து போகும் ஓரக் கற்றைகளின் கணக்கு தவறியது. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்குகிறோம். மென்பொருளிலும் நேரத்தால் நெருங்கிய அளவை எடுக்கும்படி மாற்றியாயிற்று. பழைய தரவு மட்டும் மீளவில்லை, ஓரங்களை வெட்டத்தான் வேண்டியிருந்தது.

அப்புறம் கோட்டு இடைவெளி, அதாவது படகு ஓடும் கோடுகளுக்கு நடுவிலான தூரம். விசிறியின் 120 பாகை விரிவில் 10 மீட்டர் ஆழத்துக்குப் பட்டை சுமார் 35 மீட்டர் அகலம், 20 மீட்டருக்கு 69. நாங்களோ எல்லா இடத்திலும் 25 மீட்டர்! திரையில் நிரம்பும் பரப்பைப் பார்த்து ஓட்டியதில் மூன்று நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது.

எதிர்பாராதது: ஒலிவேகக் கருவியை எங்கே இறக்குவது என்று சொன்னது மென்பொருள் அல்ல, காசிமேட்டுப் படகு டிரைவர். "சார், அங்க பாருங்க, தண்ணி நெறம் மாறுது" என்றார். அந்தக் கலங்கல் கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்று இறக்கினோம்.