விபத்து நாய் போட்டோவா, மாதம் 250 ரூபாயா?

கணக்குப்பிள்ளை:
அடிபட்டு வரும் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கையேந்துவதைக் காப்பகங்கள் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. அறுபது நாய் இருக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு 250 கிராம் அரிசி என்றால் நாளைக்கு 15 கிலோ, மாதம் 450 கிலோ. கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் 20,250. கோழிக் கழுத்து, கால் நாளைக்கு 9 கிலோ, கிலோ 60 என்று போட்டால் 16,200. இரண்டு ஆள் சம்பளம் தலா 15,000. இதுவே 66,450. வாடகை, தண்ணீர் லாரி, பினாயில், பூச்சி மாத்திரை இன்னும் கணக்கில் வரவில்லை. சோற்று அண்டாவின் போட்டோவைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்? மாதம் 250 தருகிற 300 பேர் இருந்தால் 75,000 வரும், அண்டா காயாது.

பைரவன்:
சரி சார், அந்த 300 பேர் எங்கிருந்து வருவார்கள்? விபத்து நாயைப் பார்த்துத்தானே வருவார்கள்! போஸ்டைத் தப்பாக எழுதுவதுதான் கோளாறு. "கருப்பனுக்கு உதவுங்கள், அவசரம்" என்று எழுதினால் பணம் வராது, சந்தேகம்தான் வரும். "வலது பின்னங்கால் தொடை எலும்பு முறிவு. எக்ஸ்ரே இரண்டு கோணம், ரத்தப் பரிசோதனை, பிளேட் வைக்கும் ஆபரேஷன், பத்து நாள் உள்நோயாளி" என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட்டு, டாக்டரின் எஸ்டிமேட்டையும் ஒட்டினால் வரும். ரத்தம் வழியும் படத்தை முதலில் போடாதீர்கள், பார்த்ததும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கண் தெரிகிற படம் முதலில், புண் அடுத்ததாக. ஏழாம் நாள் நாய் நடக்கும் வீடியோவை, பணம் போட்டவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். மாதச் சந்தாவைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

கணக்குப்பிள்ளை:
18,000 கேட்ட நாய்க்கு 40,000 வந்துவிட்டால்? கருப்பன் பேரில் வந்ததை அரிசிக்குச் செலவழித்தால் "ஏமாற்று" என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் போடுவார், அத்தோடு மூன்று வருடப் பேர் போயிற்று. இன்னொன்று, இந்த முறையில் பணம் முதல் நாளுக்குத்தான் வரும். இணைசேரும்போது நாய்க்கு நாய் பரவிப் பிறப்புறுப்பில் வரும் கட்டிக்கு வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி வாரம் ஒன்று, பொதுவாக நான்கிலிருந்து ஆறு தடவை. ரத்தத்தில் வெள்ளணு குறையும் என்பதால் அடுத்த ஊசிக்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும். முதல் ஊசிக்குப் பணம் கொட்டும். மூன்றாவது ஊசிக்குள் ஊர் மறந்திருக்கும், பாதியில் விட்டால் கட்டி திரும்ப வளரும்.

பைரவன்:
மீதிப் பணத்துக்கு ஒரே ஒரு வரி போதும்: "மீதமானால் அடுத்த விபத்து நாய்க்கு." முதல் போஸ்டிலேயே இருக்க வேண்டும், பிறகு சேர்த்தால் செல்லாது. தேவையான தொகை வந்ததும் கியூஆரை எடுத்துவிடுங்கள். நாய் செத்துப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்துப் பத்து நாள் கழித்துச் சொல்பவர்களால்தான் எல்லாருக்கும் கெட்ட பேர்.

வேப்பங்குச்சி:
இரண்டு பேரும் போஸ்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பணம் எந்தக் கணக்கில் விழுகிறது? நிறைய இடத்தில் அது ஒருவருடைய சொந்த ஜிபே நம்பர். எங்கோ நடந்த மோசடிப் பணத்தில் 500 ரூபாய் அந்தக் கணக்கு வழியாக வந்திருந்தாலும், சைபர் கிரைம் புகாரில் கணக்கு முடங்கலாம். மறுநாள் கோழிக் கடைக்காரருக்கு என்ன சொல்வீர்கள்? ட்ரஸ்ட் பேரில் நடப்புக் கணக்கு, அதற்கான கியூஆர், இதுதான் முதல் வேலை.
அடுத்தது உண்டியல். கடை மேசையில் வைக்கும் டப்பாவில் போட்டவர் யாரென்று தெரியாது. பேரும் முகவரியும் பதியாத நன்கொடை, ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. (கோயில் உண்டியலுக்கு இந்தத் தொல்லை இல்லை, பைரவர் கொடுத்துவைத்தவர்.) விவரம் வாங்காத கியூஆர் பணமும் இதே கதைதான். பணம் வந்ததும் பேர், முகவரி, பான் கேட்டு ஒரு சின்ன படிவம் அனுப்புங்கள். 80ஜி ரசீது, அதாவது கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு தரும் ரசீது, தருபவர்களுக்கு 10பிடி என்ற நன்கொடைப் பட்டியலை வரித்துறையில் தாக்கல் செய்யவும் அதே விவரம்தான் வேண்டும். 2024–25 கணக்குக்கு 2025 மே 31 கடைசி நாளாக இருந்தது, தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய்.

பைரவன்:
250 ரூபாய் போடும் பையனிடம் பான் கேட்டால் ஓடிவிடுவான் அக்கா. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் ஆயிரம் கொடுத்தால் 500 வருமானத்தில் கழியும், வரியில் அல்ல. ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. இதைக் காட்டி இழுக்க முடியாது.

வேப்பங்குச்சி:
இழுக்க அல்ல, கணக்கு நிற்க. சின்னத் தொகைக்குப் பேரும் முகவரியும் வாங்கினால் போதும். 80ஜி ரசீது கேட்பவரிடம் மட்டும் பான் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சந்தா வாங்குகிறவர்கள் பிடித்தத் தேதியை 5ஆம் தேதிக்கு வையுங்கள். 28ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணம் இருக்காது, பிடித்தம் தோற்கும். ஆட்டோபே, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம், பிடிக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போகும். அதில் காப்பகத்தின் பேருக்குப் பதில் பேமென்ட் கம்பெனியின் பேர் வந்தால், "இது என்னடா" என்று ரத்து செய்துவிடுவார்கள். அதனால் 3ஆம் தேதியே ஒரு போட்டோவும் "நாளை மறுநாள் உங்கள் 250" என்ற வரியும் அனுப்புங்கள்.

பைரவன்:
என்ன போட்டோ சார், அண்டாவா?

கணக்குப்பிள்ளை:
போன மாதம் நீங்கள் காப்பாற்றிய கருப்பன், அண்டாவுக்குள் தலையை விட்டபடி.