நகர ஆந்தைக் கணக்கெடுப்பு: தரவு பயன்பட எப்படி எண்ணுவது?

கேள்வி:
கோவையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தினர் ஆந்தைகளை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டில் பதியப் போகிறோம். புள்ளி ஆந்தை, கூகை இரண்டும் உண்டு. புது மனைப்பிரிவுகள் வர வர அவை குறைகின்றனவா என்று அறிய என்ன முறை நல்லது?

பதில் 1:
பார்த்தபோது மட்டும் பதிந்தால், ஆட்கள் நடமாடும் இடம்தான் வரைபடத்தில் தெரியும். 500 மீட்டராவது இடைவெளி விட்டு நின்று எண்ணுவதற்கான நிலையான இடங்களை (புள்ளிகளை) குறியுங்கள். ஒரே ஆந்தையை இருமுறை எண்ணுவது குறையும். சூரியன் மறைந்து அரை மணியில் தொடங்கி, புள்ளிக்கு 10 நிமிடம் நில்லுங்கள். மழை, பலத்த காற்று என்றால் அன்று வேண்டாம். புள்ளிக்கு ஒரு தனிப் பட்டியல். கண்ட, கேட்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்து 'முழுப் பட்டியல்' என்று கொடுங்கள். அப்போதுதான் ஆந்தை இல்லாததும் தரவாகும். மாதம் ஒருமுறை அதே புள்ளிகள்.

பதில் 2:
வாகன இரைச்சலையும் குறியுங்கள், இது ரொம்ப முக்கியம். அவிநாசி சாலை ஓரத்தில் கூகை கத்தினாலும் காதில் விழாது. குறைந்துவிட்டது என்று தப்பாக முடிவெடுப்போம். அமைதி, நடுத்தரம், பேச்சே கேட்காத அளவு என மூன்று நிலை போதும். தெருவிளக்கு, பொந்துள்ள பழைய மரம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பறவைக் குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலி தரும் பெயரை அப்படியே ஏற்காமல், ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபாருங்கள். சந்தேகமா? 'ஆந்தை இனம்' என்று மட்டும் போடுங்கள்.

பதில் 3:
தயவுசெய்து ஆந்தைக் குரலின் ஒலிப்பதிவைப் போட்டு அழைக்காதீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புள்ளி ஆந்தை கூடுகட்டும் காலம். வேறு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து, அதை விரட்டப் பொந்தை விட்டு வெளியே வரும். பொந்தின் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவில்கூடப் பகிர வேண்டாம்.