புரட்சிக்குக் கட்டம் போட முடியுமா? ஈரானை வைத்து ஒரு செமினார் சண்டை

வைகறை:
எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் 'நவீன உலகின் புரட்சிகள்' என்று ஒரு செமினார். முதல் வகுப்பிலேயே சார் கரும்பலகையில் கட்டம் போட்டுவிட்டார். மேலே பிரான்ஸ் 1789, ரஷ்யா 1917, சீனா 1949, ஈரான் 1979. பக்கத்தில் கஜானா காலி, போரில் அடி, மேல்தட்டுக்குள் பிளவு, விவசாயிகள் எழுச்சி. டிக் அடித்துக்கொண்டே வந்தவர் ஈரான் கட்டத்தில் மட்டும் சாக்பீஸோடு நின்றார். "இது கொஞ்சம் விதிவிலக்கு" என்று சொல்லி, அதை என் தலையில் கட்டிவிட்டார். 20 பக்கம், ஆறு வாரம். எனக்கு இந்தக் கட்டமே வேண்டாம், 1978-ஐ நாள்வாரியாகப் படித்து எழுதலாம் என்று தோன்றுகிறது. எடுபடுமா?

கேசட்காரன்:
தாராளமாக எழுதுங்கள் தம்பி. கட்டம் போடுவது எல்லாம் முடிந்த பிறகு. நடக்கும்போது யாருக்குத் தெரிந்தது? 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் விருந்தில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கோப்பையைத் தூக்கி, கலங்கிய வட்டாரத்தில் ஈரான் நிலைத்தன்மையின் தீவு என்று வாழ்த்தினார். 1978 ஆகஸ்டில் சி.ஐ.ஏ. அறிக்கை, ஈரான் புரட்சிக்கு முந்தைய நிலையில்கூட இல்லை என்றது. அடுத்த ஜனவரி 16-ல் ஈரான் மன்னர் ஷா நாட்டை விட்டே விமானம் ஏறிவிட்டார். லெனினே 1917 ஜனவரியில் ஜூரிக்கில் பேசும்போது, எங்கள் தலைமுறைக் கிழவர்கள் அந்த இறுதிப் போரைப் பார்க்காமலே போகலாம் என்றார். இரண்டு மாதத்தில் ஜார் இல்லை.

நாள்வாரியாகப் பார்த்தால்தான் சங்கிலி தெரியும். 1978 ஜனவரி 7-ல் ஒரு பத்திரிகையில், ஷாவை எதிர்த்து நாடு கடத்தப்பட்டிருந்த மதகுரு கொமெய்னியை இழிவுபடுத்திக் கட்டுரை. 9-ஆம் தேதி கோம் நகரில் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, சாவு. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் ஓதுவார்கள் இல்லையா, அங்கேயும் உண்டு. நாற்பதாம் நாள் பிப்ரவரி 18, தப்ரீஸில் கலவரம். அங்கே செத்தவர்களுக்கு நாற்பது நாள் கழித்து யஸ்து நகரில். சாவே அடுத்த ஊர்வலத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தது. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?

பழைய பெஞ்சு:
கதை நன்றாக இருக்கிறது. ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. நாற்பதாம் நாள் சடங்கு பல நூறு வருஷமாக இருக்கிறது. அது 1978-ல் மட்டும் ஏன் வெடித்தது?

கட்டத்தை இப்படிக் கேலி செய்யும் ஆட்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் தீடா ஸ்காச்போல் பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூன்றையும் ஒப்பிட்டு, புரட்சிகளை யாரும் செய்வதில்லை, அவை வருகின்றன என்று வாதிட்ட புத்தகம் வெளிவந்தது 1979-ல். அதே வருஷம் ஈரான்! சங்கடம்தான். ஆனால் அவர் ஒளியவில்லை. 1982-ல் ஒரு கட்டுரை எழுதி, ஒரு புரட்சியைத் திட்டமிட்டுச் 'செய்தார்கள்' என்று சொல்லலாம் என்றால் அது இதுதான் என்று ஒப்புக்கொண்டார். கூடவே, எண்ணெய்ப் பணத்தில் வாழ்ந்த அரசுக்குக் கீழே வேர் இல்லை என்றும் காட்டினார். 1973-74-ல் விலை நாலு மடங்கானது. அதன் பிறகு ஷா யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. 1975-ல் எல்லாக் கட்சியையும் கலைத்து ஒரே கட்சி. அதே வருஷம் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கடை கடையாகச் சோதனை, அபராதம், சிறை. பஜார் வியாபாரிக்கு ஆத்திரம் வராதா? பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் பணம் போனது அந்தக் கல்லாப்பெட்டியில் இருந்துதான். உங்கள் நாற்பதாம் நாளுக்குக் கடையடைத்ததும் அவர்கள்தான்.

கேசட்காரன்:
பஜார் 1963-லும்தான் அடைத்தது ஐயா. அப்போது எண்ணெய்ப் பண வெள்ளமும் இல்லை, 1975 சோதனைப் படையும் இல்லை.

இன்னொன்று. ஷாவிடம் சுமார் 4 லட்சம் பேர் கொண்ட படை இருந்தது. எந்தப் போரிலும் தோற்காத, சம்பளம் பாக்கி இல்லாத படை. கிராமங்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. உங்கள் கட்டத்தை 1978 கோடையில் ஷாவிடம் காட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தேநீர்வேளை:
நடுவில் நுழைகிறேன். தம்பிக்குப் பாரசீகம் தெரியுமா? தெரியாமல் எப்படி நாள்வாரியாக?

வைகறை:
ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதுதான் பயம்.

நெல்லிமரம்:
பாரசீகம் இல்லாமலும் ஓரளவு போகலாம் தம்பி, ஆனால் யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 1979 நவம்பர் 4-ல் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தபோது உள்ளே இருந்தவர்கள் ரகசியக் காகிதங்களை இயந்திரத்தில் போட்டுக் கீற்று கீற்றாகக் கிழித்திருந்தார்கள். அந்த மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கீற்றையும் பொருத்தி ஒட்டி, தொகுதி தொகுதியாக அச்சுப் போட்டுவிட்டார்கள். மூலமே ஆங்கிலம். பக்கங்களில் கோடு கோடாக அந்தக் கீற்றுகள் இன்னும் தெரியும். ஆனால் அது தூதரகத்தின் கண். தூதர் சல்லிவன், ஷா போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்து வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தது 1978 நவம்பர் 9-ல்தான். பள்ளிவாசலுக்குள் என்ன பேசினார்கள் என்று அதுவரை அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம், ஹார்வர்டில் ஈரான் பற்றிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பழைய அமைச்சர்கள், தளபதிகள், எதிர்க்கட்சிக்காரர்கள் என்று பலர் பேசியிருக்கிறார்கள். சில பேட்டிகள் ஆங்கிலத்தில் உண்டு. தோற்றவர்கள் பின்னால் சொல்லும் கதை நிறைய. அதையும் கழித்துப் படிக்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் கவனம். 1978 செப்டம்பர் 8, தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் ராணுவம் சுட்டதில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள் என்று அன்று ஊரே பேசியது. பிற்பாடு இஸ்லாமியக் குடியரசுக் காலத்திலேயே தியாகிகள் பட்டியலை வைத்து எண்ணியபோது நூற்றுக்கும் குறைவு. எந்த எண்ணைக் கட்டுரையில் போடுவீர்கள்? நான் இரண்டையும் போடுவேன். ஆட்களைத் தெருவுக்கு இழுத்தது உண்மை எண் இல்லை, பேச்சில் போன எண்.

பழைய பெஞ்சு:
இது சரியான பேச்சு. ஆனாலும் கேட்கிறேன், ஒரே ஒரு நாட்டை மட்டும் வைத்துக்கொண்டு எது காரணம், எது தற்செயல் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

நெல்லிமரம்:
அதே நாட்டை இரண்டு தடவை பாருங்கள். 1963 என்று மேலே சொன்னாரே, அங்கேதான் பிடி இருக்கிறது. அதே ஷா, அதே கொமெய்னி. முஹர்ரம் மாதம். ஜூன் 5-ல் கொமெய்னியைக் கைது செய்தார்கள், தெஹ்ரான் எரிந்தது, பிரதமர் ஆலம் சுடச் சொன்னார், சில நாளில் அடங்கிவிட்டது. அடுத்த வருஷம் அவரை நாடு கடத்தினார்கள். பதினைந்து வருஷம் கழித்து அதே ஆட்கள், முடிவு மட்டும் தலைகீழ். நடுவில் என்ன மாறியது? தெஹ்ரானில் 1956-ல் 15 லட்சம் பேர், 1976-ல் 45 லட்சம். ஷாவுக்குப் புற்றுநோய், ஊருக்குத் தெரியாது. 1978 ஆகஸ்டில் இருந்து ஜனவரிக்குள் மூன்று பிரதமர்களை மாற்றினார், ஒருநாள் மன்னிப்பு, மறுநாள் ராணுவச் சட்டம். 1963-ல் எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தது. 1978 இலையுதிர் காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாளுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் இருந்தது நவம்பர் தொடக்கத்தில் 20 லட்சத்துக்கும் கீழே போனது. சிப்பாய் தெருவில் கூட்டத்தைச் சுடலாம். பெட்ரோல் எடுக்க சிப்பாயால் முடியுமா?

ரஷ்யாவில் 1905-ஐயும் 1917-ஐயும் இப்படி வைத்துப் பாருங்கள். முதல் தடவை படை பெரும்பாலும் ஜார் பக்கம் நின்றது. இரண்டாம் தடவை தலைநகர் பெத்ரோகிராத்தின் காவல்படையே மக்கள் பக்கம் மாறியது.

கேசட்காரன்:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. முடிவில் இருந்து பின்னால் நடந்தால் எல்லாரும் முல்லா ஆட்சி கேட்டே தெருவுக்கு வந்தது போலத் தெரியும். 1978 டிசம்பர் 10, 11 ஊர்வலங்களில் இடதுசாரிகளும் இருந்தார்கள், மதச்சார்பற்ற தேசிய முன்னணிக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், முக்காடு போடாத பெண்களும் இருந்தார்கள். 1979 மார்ச் 8-ல், ஷா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கட்டாய ஹிஜாப் பேச்சை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். கட்டத்தில் அவர்களுக்கு ஒரு டிக் உண்டா?

பழைய பெஞ்சு:
'கூட்டணி' என்று ஒரு வரிசை சேர்த்தால் போயிற்று.

கேசட்காரன்:
எதைச் சொன்னாலும் ஒரு வரிசை சேர்ப்பார்!

வைகறை:
நேற்று சாரிடம் 1963, 1978 யோசனையைச் சொன்னேன். தலையாட்டினார். 20 பக்கத்துக்குள் நிற்க வேண்டும் என்பதால் சினிமா ரெக்ஸ் திரையரங்குத் தீ, பாரிஸ் அருகே இருந்து போன கொமெய்னி பேச்சுக் கேசட்டுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேலைநிறுத்தத்தையும் ஷாவின் தடுமாற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். தூதரகக் காகிதத்தில் 1978 நவம்பர் மட்டும். முதல் பக்கத்துக்கு ஒரு சின்ன வரைவு போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் 1963, வலது பக்கம் 1978, நடுவில் கோடு...

பழைய பெஞ்சு:
கட்டம் போட்டுவிட்டாய் தம்பி.

கேசட்காரன்:
கேசட்டை விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.