தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய்: ஒரு கலைச்சொல் விவாதம்

அன்புடையீர்,

தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை தையலெண்ணெய், உயவெண்ணெய், மசகெண்ணெய், நீர்மசகு என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடங்களுக்குப் பராமரிப்புக் கையேடுகளைத் தமிழில் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு என்பதால், இந்தச் சொல் எனக்கு ஆராய்ச்சிக்காக அன்றி அடுத்த வாரம் அச்சுக்குப் போகும் பக்கத்துக்காகத் தேவைப்படுகிறது. நான்கிலும் எனக்குக் குறை தெரிகிறது. அவற்றைச் சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்.

தையலெண்ணெய் என்பது எங்கே விடுவது என்பதைச் சொல்கிறதே தவிர, எப்படிப்பட்ட எண்ணெய் என்பதைச் சொல்லவில்லை. தையல் என்றால் பெண் என்றும் பொருள் இருப்பதால், புட்டியின் மேல் அச்சிட்டால் கூந்தலுக்குத் தேய்ப்பது என்று யாராவது வாங்கிப் போனாலும் வியப்பதற்கில்லை. உராய்வைக் குறைப்பது என்ற பொருளில் உயவு என்ற சொல் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் பழைய இலக்கியத்தில் அதற்கு வருத்தம், தளர்ச்சி என்ற பொருள்கள் இருப்பதையும், தையற்கடையில் அந்தச் சொல்லை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நீர்மசகு என்பதில் நீராளமானது என்ற நல்ல கருத்து இருந்தாலும், நீர் கலந்தது என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால் இரும்பு துருப்பிடித்துவிடும்.

மீதமிருப்பது மசகெண்ணெய். இது மக்கள் வாயிலிருந்து வந்த சொல். கொங்கு நாட்டில் மாட்டுவண்டி ஓடிய காலத்தில், வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த கரிய மசகை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார்கள்; அச்சு கிறீச்சிட்டால் குச்சியால் எடுத்துப் பூசுவார்கள். அந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விளக்கெண்ணெயின் பாகுநிலையை, அதாவது ஓடவிடாமல் அது காட்டும் தடையைப் பாருங்கள்: 40 பாகை செல்சியசில் ஏறக்குறைய 250 சென்டிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு; எண் கூடினால் கெட்டியும் கூடும்). தையல் இயந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய்க்கு அதே வெப்பநிலையில் பெரும்பாலும் 7 முதல் 22 வரைதான் இருக்கும். பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடுள்ள இரண்டு பொருள்களை ஒரே சொல்லால் குறித்தால், சொல் தவறில்லை என்றாலும் வாங்குபவர் தவறிவிடுவார்.

இதை நான் வெறும் எண்ணாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். தேங்காய்ப் பருப்பு காயும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் சுற்றிலும் இருக்கும் இடத்தில், மிஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று கடைக்கு நடப்பது அம்மாவுக்கு வீண்வேலையாகப் பட்டது. கால்மிதி இயந்திரத்துக்குச் சில நாள் தேங்காயெண்ணெயும், அது கைக்கு எட்டாத நாளில் கடலையெண்ணெயும் விட்டார். இரண்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மார்கழிக் காலையில் மிதித்தால் சக்கரம் அரைச்சுற்றோடு நின்றது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு அருகிலேயே உறையத் தொடங்கும். எங்கள் பக்கத்து மார்கழி விடியல் அதற்கும் கீழே போய்விடும். வெயில் ஏறியதும் உறைந்தது இளகிவிடும் என்றாலும், கடலையெண்ணெய் செய்த வேலை இளகவில்லை: அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, துணித்தூசையும் பிடித்துக்கொண்டு, பழுப்பு நிறப் பிசினாக ஊசிக்கம்பியைச் சுற்றி ஒட்டியிருந்தது. வந்த மெக்கானிக் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்து, பழைய ஊசி ஒன்றின் முனையால் அதைச் சுரண்டி எடுத்து, நகத்தின் மேல் வைத்து அம்மாவிடம் காட்டினார். “கெட்டி எண்ணெ உட்டா மிஷினு மூச்சு வாங்குமுங்கொ” என்று மட்டும் சொன்னார். கூலியும் அதிகம் கேட்கவில்லை.

கால்மிதி இயந்திரமே மூச்சு வாங்கும் என்றால், தொழிற்கூட இயந்திரத்தின் நிலை என்ன? நிமிடத்துக்கு 5,000 தையல் போடும் இயந்திரத்தில் ஊசிக்கம்பி நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஹூக் என்று தொழிலில் சொல்லப்படும் சுழல்கொக்கி ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், நிமிடத்துக்கு 10,000 சுற்று வருகிறது. உறுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியோ மிகச் சிறியது. அங்கே பாகு மிகுந்த எண்ணெய் புகவும் நேரமாகும், புகுந்தபின் உள்ளுக்குள்ளேயே உராய்ந்து சூடேறவும் செய்யும். பைக் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எண்ணெயின் பாகுநிலை 40 பாகையில் 100-ஐத் தாண்டும். மிச்சமான அந்த எண்ணெயை மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரத்துக்கு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணெயைத்தானே விட்டோம் என்று அவர்கள் நம்புவதில் பிழையும் இல்லை, ஏனெனில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் வெறும் ‘ஆயில்’.

துருப்பிடித்த திருகைக் கழற்றத் தெளிக்கும் டப்பாவும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அதில் பெரும்பங்கு ஆவியாகிவிடும் கரைப்பான். ஒட்டிய பிசினை இளக்கலாம், ஆனால் அதன்பின் முறையான எண்ணெய் விடாவிட்டால் உலோகத்தின் மேல் உலோகம் உரசும்.

ஆகவே என் முன்மொழிவு இளமசகு. விஸ்காசிட்டி என்பதை நாம் பாகுநிலை என்று சொல்லும்போதே சமையலறையின் பாகு அதற்குள் வந்துவிடுகிறது; இளம்பாகு, கெட்டிப்பாகு என்ற வேறுபாட்டைத் தமிழ் படிப்பவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வழியில் பாகுநிலை குறைந்தது இளமசகு, கிரீஸ் என்பது கெட்டிமசகு, நடுவிலுள்ள எஞ்சின் எண்ணெய் போன்றவை மசகெண்ணெய் என்று ஒரு வரிசை அமையும். புட்டியில் இளமசகு என்று எழுதி, பக்கத்திலேயே எண்ணெய்களைப் பாகுநிலையால் வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 3448 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி வி.ஜி. 10 அல்லது வி.ஜி. 22 என்று எண்ணையும் போட்டுவிடலாம். வி.ஜி. 10 என்றால் 40 பாகையில் பாகுநிலை 9-க்கும் 11-க்கும் இடையில் இருக்கும் என்று பொருள். பத்து விழுக்காடு கூடக்குறைய இருக்கத் தரநிலையே இடம் தருகிறது. எந்த இயந்திரத்துக்கு எந்த எண் என்பதை அந்தந்த இயந்திரத்தின் கையேடுதான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் புதிய இயந்திரங்கள் சிலவற்றுக்கு எண்ணெயே விட வேண்டாம் என்று கையேட்டில் இருக்கும். அங்கே நம் சொல்லுக்கும் வேலையில்லை.

திருப்பூரிலிருந்து

*

ஐயா,

தங்கள் கடிதத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். இளமை என்பதன் ஈறு கெட்டு இளமதி என்று ஆவதுபோல இளமசகு என்று ஆகும் என்பதால் புணர்ச்சியிலும் குறையில்லை. எனக்குள்ள ஐயம் ‘இள’ என்ற அடையின் மேல்தான். நான் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். கொப்பரையில் பாகு இளம்பதத்தில் இறங்கிவிட்டால் சர்க்கரை கசியும், சந்தையில் விலை போகாது. இளம்பதம் என்பது எங்களுக்கு வசைச்சொல்லுக்கு அடுத்தபடி. இளமசகு என்றால் இன்னும் பதம் வராத, தரம் குறைந்த மசகு என்று எங்கள் ஊர்த் தையற்காரர் எண்ணமாட்டாரா? மசகு என்று வைத்தாலும், தாங்களே சொன்ன அந்தக் கரிய குழம்பு நினைவுக்கு வருமே. வெள்ளைப் பனியன் துணி தைக்கும் ஒருவர் அந்தச் சொல்லைக் கண்டதும் புட்டியைத் தள்ளி வைத்துவிடுவாரே!

இன்னொன்று. எண்ணெய் என்பது எள்ளின் நெய் என்பதால் கனிம எண்ணெயை அப்படிச் சொல்லக்கூடாது என்று இங்கே சிலர் எழுதியிருந்தார்கள். தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தக் கதவை இப்போது அடைப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. தங்கள் சொல்லில் எண்ணெய் இல்லாததைத்தான் நான் குறையாகக் காண்கிறேன்.

ஈரோட்டிலிருந்து

*

அன்புடையீர்,

ஈரோட்டு நண்பரின் முதல் ஐயத்துக்கு என் மறுமொழி சுருக்கமானது. இளநீரும் இளஞ்சூடும் குறையுள்ளவை என்று யாரும் நினைப்பதில்லை. ‘இள’ குறையா நிறையா என்பதை அடுத்து வரும் சொல்தான் முடிவுசெய்கிறது. கரும்பாலைக்காரரின் காதை மதிக்கிறேன் என்றாலும், இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இரண்டாவது ஐயத்தை நேரில் சோதித்துப் பார்த்தேன். ‘இளமசகு, வி.ஜி. 10’ என்று தாளில் அச்சிட்டு ஒரு புட்டியில் ஒட்டி, நான் வழக்கமாகப் போகும் தொழிற்கூடத்தில் வரிசைப் பொறுப்பிலுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் பெயரைப் பார்க்கவில்லை. புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்தார்; முகர்ந்தார்; வெள்ளைப் பனியன் துண்டொன்றில் ஒரு சொட்டு விட்டு, மஞ்சள் வளையம் விழுகிறதா என்று பார்த்தார். நிறமும் மணமும் இல்லை என்றானபின் ஓர் இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தி, ஊசித்தகட்டைக் கழற்றி, அடியில் பஞ்சுபோலச் சேர்ந்திருந்த தூசைத் தூரிகையால் வழித்தெடுத்தார். ஊதினால் தூசு உள்ளே போய்விடும் என்றார். சுழல்கொக்கி ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு. நூலின் இறுக்கத் தட்டுகளிலோ பெல்ட்டிலோ எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு நூலில்லாமல் சிறிது நேரம் ஓட்டி, நூல் கோத்துக் கழிவுத் துணியில் இரண்டு முழம் தைத்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறை விழுந்தால் அடுத்த மேசையில் கரைப்பான் பீய்ச்சும் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரிடம் அவர்தான் பேச்சு வாங்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, “மசகுன்னா கருப்பா இருக்கோணுமுங்களே, இது தண்ணியாட்ட இருக்குது?” என்று கேட்டார். நண்பர் எழுதியது அப்படியே நடந்துவிட்டது. ‘இள’ என்ற அடை அவருக்கு இடறவே இல்லை. மசகு என்ற சொல் தனியாக நின்றதுதான் இடறியது. அங்கேயே பேனாவை எடுத்து, ‘இளமசகு’ என்பதன் இறுதி உகரத்தை அடித்து ‘இளமசகெண்ணெய்’ என்று திருத்திக் காட்டினேன். “எண்ணென்னு போட்டா சரிங்க” என்று புட்டியை வாங்கித் தம் மேசையில் வைத்துக்கொண்டார்.

வரிசையில் கெட்டிமசகு அப்படியே இருக்கலாம், ஏனெனில் அது எண்ணெயாக ஓடுவதில்லை. இளமசகெண்ணெய், மசகெண்ணெய், கெட்டிமசகு என்ற மூன்றையும் கையேட்டுக்கு அனுப்பப்போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வரும் மறுப்புகளைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. இயந்திரத்தின் தலைப்பகுதியில் எண்ணெய் பாய்வதைக் காட்டும் சிறு கண்ணாடிக்கு நான் எண்ணெய்க்கண் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் எண்ணெய் விடும் துளையையும் சிலர் கண் என்றே சொல்கிறார்கள். அதற்கு வேறு சொல் இருந்தால் தெரிவிக்கவும்.

திருப்பூரிலிருந்து